பதினெட்டும் ஒன்றும்

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் படித்த இரண்டு வருடமும் பாஸ்வர் ஹால் வழியாகத்தான் வகுப்புக்குப் போவேன். அங்கே தரைத்தளத்தில் ஓரிடத்தில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். அதற்குள் ஐந்து மூலையுள்ள ஒரு வெள்ளைத் தகடு. ஏதோ வடிகால் மூடி என்று நினைத்து எத்தனையோ முறை அதன் மேலேயே நடந்து போயிருக்கிறேன். அது ஃபோர்ப்ஸ் ஃபீல்டின் ஹோம் பிளேட். பேட்ஸ்மேன் நிற்கிற இடம். 1909 முதல் 1970 வரை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணி ஆடிய மைதானம் அந்த இடத்தில்தான் இருந்தது.

இதைச் சொன்னவர் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர். எண்பதை நெருங்குகிறார். இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னையும் என் மனைவியையும் சேர்த்துப் பார்த்தால் "யின்ஸ்" என்பார். பிட்ஸ்பர்க் பேச்சில் பலரைக் குறிக்கிற "நீங்க" அது. இங்கிலீஷில் இப்படி ஒரு சொல் இல்லாமல் திண்டாடிய எனக்கு முதல் தடவை கேட்டபோதே ஊர் பிடித்துப்போனது. மரியாதைக்கு ஒருத்தரைப் பார்த்து அப்படிச் சொல்வதில்லை என்பது மட்டும்தான் குறை.

அவர் வீட்டு நிலவறையில் ஒரு செருப்பு டப்பா இருக்கிறது. அவருடைய அப்பா மைதானத்துக்குப் போய் உட்கார்ந்து பென்சிலால் நிரப்பிய ஸ்கோர் அட்டைகள் அதில். பேஸ்பால் ஸ்கோர் எழுதுவது ஒரு தனிக் கலை. ஒவ்வொரு ஆட்டக்காரர் நிற்கும் இடத்துக்கும் ஓர் எண். 6-4-3 என்று எழுதினால் இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கிற ஷார்ட்ஸ்டாப் பந்தை எடுத்து இரண்டாம் பேஸ்காரருக்கு எறிந்து, அவர் முதல் பேஸ்காரருக்கு எறிந்து, இரண்டு பேர் அவுட் என்று அர்த்தம். மட்டையை வீசாமல் பந்தைப் பார்த்துக்கொண்டே நின்று ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட்) ஆனால் கே என்ற எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். அந்த மனிதர் ஒரு கட்டத்தைக்கூட விடமாட்டார். மழை விழுந்து பென்சில் கலைந்த இடங்களில் மறுபடி மேலே எழுதியிருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பாவிலிருந்து 1959-ம் வருட அட்டைகளை எடுத்துப் பரப்பினார் பெரியவர். அட்டையின் அடியில் பிட்சர்கள், அதாவது பந்து எறிகிறவர்கள், பட்டியல். அதில் ஒரு பெயர் அடிக்கடி கடைசியில் வந்தது. ஃபேஸ். ராய் ஃபேஸ். எதிரே டபிள்யூ, 'வின்' என்பதன் முதல் எழுத்து. அடுத்த அட்டையிலும் டபிள்யூ. அதற்கடுத்ததிலும்.

"பதினெட்டுக்கு ஒண்ணு, தம்பி," என்றார். அவர் சொன்னது 'கிட்' என்றுதான். தமிழில் தம்பி என்றால்தான் அந்தத் தொனி வருகிறது.

18 வெற்றி, 1 தோல்வி. பேஸ்பால்காரர்கள் இதை 0.947 என்று எழுதுவார்கள். முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டுவிட்டு மூன்று இலக்கத்தை மட்டும் வாசிப்பார்கள். ஒரு சீசனில் குறைந்தது 15 முடிவுகளாவது பெயரில் விழுந்த பிட்சர்களை வரிசைப்படுத்தினால் இதுதான் உச்சி. 60 வருடத்துக்கு மேல் ஆகியும் யாரும் தாண்டவில்லை. அடுத்து 1937-ல் கிளீவ்லாந்தின் ஜானி ஆலன், 15-1. அதற்கடுத்து 1966-ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் ஃபில் ரீகன், 14-1. மூன்று பேர் பெயரிலும் ஒரே ஒரு தோல்வி.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு இந்தக் கணக்கே முதலில் தலை சுற்றும். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த அணியில் ஒரே ஒரு பிட்சர் பெயரில் 'வெற்றி', தோற்ற அணியில் ஒரே ஒருவர் பெயரில் 'தோல்வி'. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. அணி கடைசியாக முன்னிலைக்குப் போய், அதை விடாமல் ஜெயிக்கிறதே, அந்த நேரத்தில் கணக்கில் இருக்கிற பிட்சருக்குத்தான் வெற்றி. ஆட்டத்தைத் தொடங்கியவருக்கு அது கிடைக்க வேண்டுமானால் ஐந்து இன்னிங்ஸாவது முடித்திருக்க வேண்டும். 1999 சேப்பாக்கம் டெஸ்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 12 ரன்னில் தோற்றோமே, அந்தத் தோல்வியை ஒரு பந்துவீச்சாளர் பெயரில் எழுதியாக வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? 33 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்த வெங்கடேஷ் பிரசாத் பெயரில் விழுந்தாலும் விழுந்திருக்கும். பேஸ்பாலில் நூறு வருடத்துக்கு மேலாக இப்படித்தான் எழுதி வருகிறார்கள்.

ராய் ஃபேஸ் ஆட்டத்தைத் தொடங்குகிறவர் இல்லை. ரிலீஃப் பிட்சர். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸில் முதல் பிட்சர் களைத்த பிறகு உள்ளே வருகிறவர். உயரம் 5 அடி 8 அங்குலம். பேஸ்பால் பிட்சருக்கு அது ரொம்பக் குறைவு. அந்த 18 வெற்றியும் இப்படிப் பாதியில் வந்து எடுத்தவை. 57 ஆட்டத்தில் மொத்தம் 93 இன்னிங்ஸ் சொச்சம்தான் எறிந்தார். பிற்காலத்தில் பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் தச்சராக வேலை பார்த்தார்.

அவருடைய ஆயுதம் ஃபோர்க்பால். ஜோ பேஜ் என்ற மூத்த பிட்சர் எறிவதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் விரித்து நடுவில் பந்தைச் செருகுவது. பெரியவர் ஒரு பழைய பந்தைக் கொடுத்து "பிடிச்சுப் பாரு" என்றார். கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம் லேசு. ஆனால் தையல் சுற்றி நடுவில் நேராக ஓடாமல் குதிரை லாடம் மாதிரி வளைந்து வளைந்து போகிறது. விரல் இரண்டையும் விரித்துப் பந்தை உள்ளே திணித்தபோது விரல் இடுக்கில் சுளீரென்றது. இந்தப் பிடியில் விட்டால் பந்து அதிகம் சுழலாது. நேராக வருகிற மாதிரி வந்து ஹோம் பிளேட்டுக்குப் பக்கத்தில் தொப்பென்று இறங்கும். நான் புல்வெளியில் எறிந்தது பெரியவரின் தக்காளிச் செடியில் போய் இறங்கியது.

அந்த வருடத்து பைரேட்ஸ் பெரிய அணியெல்லாம் இல்லை. 78 வெற்றி, 76 தோல்வி. நான்காவது இடம். ஃபேஸின் 18-1-ஐக் கழித்துப் பாருங்கள்: மற்றவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து 60-75. ஒரே சட்டை, ஒரே மைதானம், ஒரே பேட்டிங். வெர்ன் லா 18-9. பாப் ஃப்ரெண்ட் 8-19. (முகம், சட்டம், நண்பன். அந்த வருடப் பிட்சர்கள் பெயரைத் தமிழில் சொன்னால் ஏதோ நாவல் தலைப்புகள் மாதிரி இருக்கும்.) முந்தைய வருடம் 22 ஆட்டம் ஜெயித்த ஃப்ரெண்ட் இந்த வருடம் 19 ஆட்டம் தோற்றார்.

அப்படியானால் ஃபேஸ் அந்த வருடம் மட்டும் என்ன மாயம் செய்தார்? இங்கேதான் எனக்கு உறுத்தியது. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்று ஒரு கணக்கு உண்டு, ஈ.ஆர்.ஏ. என்பார்கள். ஃபேஸுக்கு 1958-ல் 2.89, 1959-ல் 2.70, 1960-ல் 2.90. மூன்று வருடமும் கிட்டத்தட்ட ஒரே ஆள், ஒரே எறி. வெற்றி தோல்விக் கணக்கு மட்டும் 5-2, 18-1, 10-8. இன்னும் ஒன்று: அவர் உண்மையிலேயே உச்சத்தில் இருந்தது 1962. ஈ.ஆர்.ஏ. 1.88. அந்த வருடக் கணக்கு 8-7. யாருக்கும் அது ஞாபகமில்லை.

ரிலீஃப் பிட்சரின் வெற்றியில் ஒரு கோணல் இருக்கிறது. முன்னிலையைக் காப்பாற்றிக் கொடுக்கத்தான் அவரை அனுப்புகிறார்கள். அவர் ஒழுங்காகக் காப்பாற்றினால் வெற்றி அவருக்கு வராது, முன்னால் எறிந்தவருக்குப் போகும். காப்பாற்றாமல் கோட்டைவிட்டு ஸ்கோர் சமமாகி, அப்புறம் அவருடைய பேட்ஸ்மேன்கள் அடித்து ஜெயித்தால் வெற்றி இவருக்கு! ஃபேஸின் பதினெட்டில் சில இப்படி வந்தவை. சிகாகோவில் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற பத்திரிகையாளருக்கு இது பொறுக்கவில்லை. எங்கள் ஊர் ரிலீஃப் பிட்சர்கள் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் பேரில்லாமல் போகிறார்கள், பிட்ஸ்பர்க்காரருக்கு மட்டும் பதினெட்டா என்று கொதித்து, 'சேவ்' என்று ஒரு புதுக் கணக்கையே கண்டுபிடித்தார். முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடித்துக் கொடுத்தால் பெயரில் ஒரு சேவ். 1969-ல் அது அதிகாரபூர்வப் புள்ளிவிவரமானது. பேஸ்பாலின் ஆகச் சிறந்த வெற்றி விகிதம், அந்த விகிதத்தை நம்பாத ஒரு கணக்கைப் பெற்றுப் போட்டது.

மூன்றாவது இடத்திலிருக்கும் ஃபில் ரீகனும் ரிலீஃப்காரர்தான். முந்தைய வருடம் டெட்ராய்ட்டில் 1-5. டாட்ஜர்ஸுக்கு வந்ததும் 14-1. அவருக்கு 'பிணந்தின்னிக் கழுகு' என்று பட்டப்பெயர் வைத்தவர் சக பிட்சர் சாண்டி கோஃபாக்ஸ். கோஃபாக்ஸ் மாதிரி ஆட்கள் ஆறு, ஏழு இன்னிங்ஸ் உயிரைக் கொடுத்து எறிந்துவிட்டுப் போவார்கள், ஸ்கோர் சமமாக இருக்கும். ரீகன் வந்து கொஞ்ச நேரம் எறிவார், அணி அடிக்கும், வெற்றி ரீகன் கணக்கில். ரீகன் நன்றாகத்தான் எறிந்தார், ஈ.ஆர்.ஏ. 1.62. ஆனாலும் கழுகு கழுகுதான்.

இதைக் கேட்டு நான் சிரித்துவிட்டு, அன்று இரவு ஷிஃப்டில் சிரிப்பை விழுங்கினேன். நான் பார்ப்பது சப்போர்ட் வேலை. எங்காவது சிஸ்டம் விழுந்தால் டிக்கெட் திறக்கும். மாத முடிவில் யார் எத்தனை டிக்கெட் க்ளோஸ் செய்தார்கள் என்று ஒரு பட்டியல் வரும். ஒரு தடவை பகல் ஷிஃப்டில் ஒரு பெண் இரண்டு நாள் லாக் ஃபைலுக்குள் தலையைவிட்டுக் கோளாறு எங்கே என்று கண்டுபிடித்திருந்தாள். என் ஷிஃப்ட் ஆரம்பித்தபோது பாக்கியிருந்தது ஒரு ரீஸ்டார்ட். செய்தேன், க்ளோஸ் என்று அழுத்தினேன். பட்டியலில் என் பெயர் மேலே. அந்த மாதம் அவள் கணக்கில் அந்த இரண்டு நாளும் வெற்றுக் கட்டம். அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை என்பதுதான் உண்மை. ஃபில் ரீகன் வந்துதான் உறைக்க வைத்தார்.

ஜானி ஆலன் கதை வேறு மாதிரி. அவர் ஆட்டத்தைத் தொடங்குகிற பிட்சர். மகா கோபக்காரர். 1937-ல் நடுவே குடல்வால் அறுவை செய்துகொண்டு படுத்துவிட்டு எழுந்து வந்தும் தோற்கவில்லை. 15-0. சீசனின் கடைசி நாள், அக்டோபர் 3, டெட்ராய்ட். இன்னும் ஒன்று ஜெயித்தால் தொடர்ந்து 16 வெற்றி என்ற லீக் சாதனை சமமாகும். முதல் இன்னிங்ஸிலேயே ஹாங்க் கிரீன்பெர்க் அடித்த பந்து மூன்றாம் பேஸ்காரர் ஓடெல் ஹேலைத் தாண்டிப் போனது. ஒரு ரன். அன்று முழுக்க விழுந்த ஒரே ரன் அதுதான். எதிரே டெட்ராய்ட்டின் ஜேக் வேட், அந்த வருடம் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்யாதவர், அன்று கிளீவ்லாந்துக்கு ஒரே ஒரு ஹிட்தான் (பந்தை அடித்துவிட்டு ஓடி பேஸைப் பிடிப்பது) கொடுத்தார். 1-0. ஆலன் ஹேலை அடிக்கப் பாய்ந்தார். அந்தப் பந்தைப் பிடித்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பிடித்திருந்தாலும் கிளீவ்லாந்து ரன் எடுக்கவில்லையே என்று அந்த நேரத்தில் அவரிடம் சொல்ல யாருக்குத் தைரியம் வந்திருக்கும்.

குரோவையும் சொல்லியாக வேண்டும். லெஃப்டி குரோவ், 1931, பிலடெல்பியா. 31-4. தொடர்ந்து 16 ஜெயித்துவிட்டு 17-வதற்குப் போனார். செயின்ட் லூயிஸில் 1-0 தோல்வி. வழக்கமாக இடது ஃபீல்டில் நிற்கிற அல் சிம்மன்ஸ் அன்று ஊரில் இல்லை. அவருக்குப் பதில் நின்ற இளைஞர் பந்தைத் தவறாகக் கணித்தார், தலைக்கு மேலே போய்விட்டது. ஆட்டம் முடிந்ததும் குரோவ் உடை மாற்றும் அறையைத் துவம்சம் செய்தார். பந்தை விட்ட இளைஞர் மேல் அவருக்குக் கோபமில்லை. ஊருக்குப் போன சிம்மன்ஸ் மேல்தான்.

இவர்களைப் படிக்கப் படிக்க எனக்கு வெற்றிப் பத்தியில் சுவாரசியம் போய்விட்டது. தோல்விப் பத்தியைத்தான் தேடுகிறேன். பதினெட்டு வெற்றியும் ஒன்றுபோல் இருக்கிறது. அந்த ஒன்றில்தான் ஆள் தெரிகிறார், நிழலில் நின்ற மற்ற எட்டுப் பேரும் தெரிகிறார்கள். ரான் கிட்ரி 1978-ல் நியூயார்க் யாங்கீஸுக்கு 25-3. ஈ.ஆர்.ஏ. 1.74, ஒரே ஆட்டத்தில் 18 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தவர். அந்த வருடம் அவர் கணக்கும் அவர் கையும் ஒன்றையே சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் கண் போனது அந்த மூன்றுக்கு. மைக் கால்ட்வெல், மைக் ஃபிளனகன், மைக் வில்லிஸ். மூன்று தடவையும் எதிரே எறிந்து அவரைத் தோற்கடித்தவர் ஒரு மைக்! எதையும் விளக்காத ஒரு தகவல், ஆனால் மறக்கவே முடிவதில்லை.

ஃபேஸின் ஒன்று 1959 செப்டம்பர் 11, லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியம். டாட்ஜர்ஸ் 5, பைரேட்ஸ் 4. அந்த சீசனில் 17, முந்தைய சீசனின் கடைசி 5, ஆக 22 தொடர் வெற்றி அன்று முடிந்தது. வெளியூர் ஆட்டம் என்பதால் செருப்பு டப்பாவில் அதற்கு அட்டை இல்லை. "ரேடியோவில கேட்டேன். அப்பா அணைச்சுட்டுப் போய்ப் படுத்துட்டார்," என்றார் பெரியவர்.

இப்போதெல்லாம் இந்தக் கணக்கை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. 2018-ல் ஜேக்கப் டிக்ராம் 10-9 கணக்கோடு சை யங் விருது (லீக்கின் சிறந்த பிட்சருக்கு வருடாவருடம் தருவது) வாங்கினார், ஈ.ஆர்.ஏ. 1.70. 2025-ல் எங்கள் ஊர் பால் ஸ்கீன்ஸ் 10-10, ஈ.ஆர்.ஏ. 1.97, ஒரு ஓட்டுக்கூட மாறாமல் அதே விருது. ஸ்கீன்ஸ் எறிகிற நாளில் பைரேட்ஸ் பேட்டிங்கைப் பார்ப்பது ஒரு தவம். பைரேட்ஸின் இப்போதைய மைதானமான பி.என்.சி. பார்க்கில் பெரியவரோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஸ்கீன்ஸ் ஏழு இன்னிங்ஸ் பூஜ்யம் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார், இவர்களும் விடாமல் பூஜ்யம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

"இது என்ன புதுசா," என்பார் பெரியவர். "ஹாடிக்ஸைப் பார்த்தவங்க நாங்க."

ஹார்வி ஹாடிக்ஸ். அதே 1959, அதே பைரேட்ஸ். மே 26, மில்வாக்கி. ஒன்பது இன்னிங்ஸில் 27 பேரையும் ஒருத்தர் விடாமல் அவுட் ஆக்கினால் அதற்குப் 'பெர்ஃபெக்ட் கேம்' என்று பெயர். பெரிய பெரிய ஆட்களுக்கே வாழ்நாளில் வாய்க்காதது. ஹாடிக்ஸ் அன்று உடம்பு சரியில்லாமல் சளியோடு எறிந்தார். ஒன்பது இன்னிங்ஸ், 27 பேர், 27 அவுட். ஆனால் பைரேட்ஸும் ரன் எடுக்கவில்லை. பத்தாவது, பதினொன்றாவது, பன்னிரண்டாவது. 36 பேர், 36 அவுட். அவருக்கு முன்னும் பின்னும் யாரும் அங்கே போனதில்லை. எதிரே லூ பர்டெட் பைரேட்ஸுக்கு 12 ஹிட் கொடுத்தார், ஒரு ரன்கூட விடவில்லை.

பதின்மூன்றாவதில் ஃபெலிக்ஸ் மான்டில்லா அடித்த சாதாரணப் பந்தை மூன்றாம் பேஸ்காரர் டான் ஹோக் தவறாக எறிந்தார். எடி மாத்யூஸ் பந்தைத் தட்டிவிட்டு மான்டில்லாவை இரண்டாம் பேஸுக்கு நகர்த்தினார். ஹாங்க் ஆரனை அடிக்கவிடாமல் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு நடக்கவிட்டார்கள். அடுத்து ஜோ ஆட்காக் அடித்தது வேலியைத் தாண்டிப் போனது. அந்தக் குழப்பத்தில் ஆரன் பாதி வழியிலேயே ஓட்டத்தை விட்டுவிட, ஆட்காக் அவரைத் தாண்டி ஓடிவிட, ஹோம் ரன் இரண்டு பேஸ் மட்டும் தருகிற டபுளாகக் குறைந்து ஸ்கோர் 1-0 ஆனது. வெற்றி பர்டெட்டுக்கு, தோல்வி ஹாடிக்ஸுக்கு. அந்த வருடம் ஹாடிக்ஸ் 12-12. 1991-ல் விதியைத் திருத்தியபோது அந்த ஆட்டத்தை, ஒரு ஹிட்கூடக் கொடுக்காத 'நோ ஹிட்டர்' ஆட்டங்களின் பட்டியலிலிருந்தும் எடுத்துவிட்டார்கள்.

ஒரே வருடத்தில், ஒரே அணியில், ஒருவருக்கு 18-1. இன்னொருவர் 36 பேரை வரிசையாக வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தோல்வி.

போன அக்டோபர் 13-ம் தேதி பெரியவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஃபோர்ப்ஸ் ஃபீல்டின் செங்கல் சுவர் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது, கொடி படர்ந்து. ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் மக்கள் அங்கே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பேஸ்பாலின் சாம்பியனைத் தீர்மானிக்கிற 1960 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தின் பழைய ரேடியோ வர்ணனையைக் கேட்பார்கள். பிட்ஸ்பர்க்குக்கும் யாங்கீஸுக்கும் நடந்த அந்தத் தொடரின் கடைசி ஆட்டம். முடிவு அங்கிருக்கும் ஒவ்வொருத்தருக்கும் தெரியும். ஆனாலும் நகம் கடிக்கிறார்கள். ஆறாவது இன்னிங்ஸில் ஃபேஸ் உள்ளே வந்ததும் கூட்டத்தில் ஒருத்தர் "அடப் பாவி, வேண்டாம்!" என்கிற தொனியில் முனகினார். யோகி பெரா மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். 18-1 ஆளுக்கு அன்று கை கொடுக்கவில்லை.

பெரியவர் மடியில் அப்பாவின் அட்டையை வைத்திருந்தார், அந்த ஆட்டத்தின் அட்டை. வர்ணனை போகப் போக விரலால் கட்டம் கட்டமாகத் தொட்டுக்கொண்டே வந்தார். எட்டாவதில் பைரேட்ஸ் ஐந்து ரன் அடித்து 9-7. ஒன்பதாவதில் ஃப்ரெண்ட் வந்தார், இரண்டு பேருக்கு ஹிட் கொடுத்தார். அவரை எடுத்துவிட்டு ஹாடிக்ஸை அனுப்பினார்கள். 9-9. அதே இன்னிங்ஸின் கீழ்ப் பாதியில், பைரேட்ஸ் அடிக்கிற முறையில், பில் மாசரோஸ்கி முதல் ஆளாக வந்து இரண்டாவது பந்தை இடது பக்கச் சுவருக்கு மேலே தூக்கினார். மணி சரியாக 3:36. அந்த நேரத்துக்கு வருகிற மாதிரிதான் டேப்பைப் போட்டுவிடுகிறார்கள். எல்லாரும் எழுந்து கத்தினார்கள். நானும் கத்தினேன்.

முன்னிலை கைவிட்டுப் போனபோது பிட்சர் எறிகிற மேட்டில் நின்றவர் ஹாடிக்ஸ். எறிந்தது ஒரே ஒரு இன்னிங்ஸ். விதிப்படி வெற்றி அவருக்கு.

"அட்டையில டபிள்யூ போட்டிருக்காரா?" என்று கேட்டேன். பெரியவர் அட்டையை என் பக்கம் திருப்பினார். மாசரோஸ்கியின் கடைசிக் கட்டம் காலி. அடியில் பிட்சர்கள் பட்டியலில் ஹாடிக்ஸ் பெயர் இருந்தது, எதிரே ஒன்றுமில்லை. மழையில் கலைந்த கட்டத்தையெல்லாம் மறுபடி எழுதிய மனிதர், அதற்குப் பிறகு அந்த அட்டையில் பென்சிலே வைக்கவில்லை.

"எழுந்து குதிச்சதுல பென்சில் எங்கேயோ போச்சாம்," என்றார் பெரியவர். "நான் எழுதட்டுமான்னு ஒரு தடவை கேட்டேன். தொடாதேன்னுட்டார்."